ஜாவாவின் இஸ்லாமும் கீர்ட்ஸின் அளவுகோலும்

இந்தோனேசிய இஸ்லாத்தைப் பற்றி எழுதுவோர் பலரும், அறிந்தோ அறியாமலோ, ஒரு நூலின் நிழலில் நின்றே எழுதுகின்றனர். அமெரிக்க மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1960இல் வெளியிட்ட 'ஜாவாவின் சமயம்' என்பதே அந்நூல். கிழக்கு ஜாவாவின் பாரே என்னும் சிற்றூரில் 1950களின் தொடக்கத்தில் தங்கி ஆய்ந்த அவர், அம்மக்களை மூன்றாக வகுத்தார்: மார்க்கக் கடமைகளைப் பேணும் சந்த்ரி, பழஞ்சடங்குகளில் ஊறிய அபாங்கன், அரசவைப் பண்பாட்டில் வளர்ந்த மேட்டுக்குடியினரான பிரியாயி.

கண்டதை நுணுக்கமாகப் பதிவு செய்ததில் அந்நூலின் தகுதியை நாம் மறுக்கவில்லை. கண்டதற்கு அவர் இட்ட பெயரிலேயே மாறுபடுகிறோம்.

'ஸ்லாமத்தான்' என்னும் விருந்தையே எடுத்துக்கொள்வோம். அபாங்கன் வாழ்வின் நடுநாயகமான சடங்கு இது என்றும், ஆவிகளைப் பற்றிய பழைய நம்பிக்கையில் வேரூன்றியது என்றும் கீர்ட்ஸ் கருதினார். ஆனால் அப்பெயரே 'ஸலாமத்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. அங்கு அரபியில் துஆ ஓதப்படுகிறது. வீட்டிற்கு எடுத்துச் செல்லும் சோற்றின் பெயர் 'பெர்கத்'. அது நம்முடைய பரக்கத்தே. இறந்தவருக்காக மூன்றாம், ஏழாம், நாற்பதாம் நாள்களில் நடக்கும் ஸ்லாமத்தானைப் பற்றிப் படிக்கும் தமிழ் முஸ்லிமுக்குத் தம் பாட்டனார் வீட்டு ஃபாத்திஹா நினைவுக்கு வராமல் இராது.

மார்ஷல் ஹாட்ஜ்ஸனின் மறைவுக்குப் பின் 1974இல் வெளிவந்த அவருடைய பெருநூல், இப்பிழையின் ஊற்றைச் சுட்டியது. சீர்திருத்தவாதிகளின் இஸ்லாத்தையே முழு இஸ்லாமாகக் கொண்ட கீர்ட்ஸ், எஞ்சியதை இந்து மரபின் கணக்கில் எழுதிவிட்டார் என்பது அதன் சாரம். யோக்யகர்த்தாவை ஆய்ந்த மார்க் வுட்வர்டின் 1989ஆம் ஆண்டு நூல், ஜாவா வழக்கங்களின் ஸூஃபித்துவ வேர்களை விளக்கியது.

ஆக, கீர்ட்ஸ் கையாண்ட அளவுகோல் முஸ்லிம்களிடமிருந்தே பெறப்பட்டது. நாமும் அதைக் கையாள்கிறோம். ஒரு வழக்கம் கூடுமா, கூடாதா என்பது ஃபிக்ஹின் கேள்வி. அது எங்கிருந்து வந்தது என்பது வரலாற்றின் கேள்வி. முன்னதற்குரிய விடையைப் பின்னதற்கும் விடையாக்கும்போது, ஒரு சமுதாயம் முழுவதையும் 'பெயரளவு முஸ்லிம்கள்' என ஒதுக்கிவிடுகிறோம்.

பொன்னானியின் ஸைனுத்தீன் மக்தூம் பதினாறாம் நூற்றாண்டில் எழுதிய 'ஃபத்ஹுல் முஈன்', ஜாவாவின் பெசந்த்ரென்களிலும் நம் ஷாஃபிஈ மத்ரஸாக்களிலும் இன்றும் ஓதப்படுகிறது. கிதாபு கடந்த அதே கடலை வழக்கங்களும் கடந்திருக்கலாம் அல்லவா? ஒரு வழக்கத்தை 'மாற்றாரிடமிருந்து வந்தது' என்று வகுப்பில் சொல்லுமுன், அதன் பயணத்தைத் தேடிப் பார்ப்பது ஆசிரியர்களாகிய நம் கடமை.