பழுவேட்டரையரைப் பற்றி மனசு மாறிய கதை

‘கல்கி’ இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய கல்கியின் சோழர் காலத் தொடர்கதை ‘பொன்னியின் செல்வன்’ 1954 மே மாதம்தான் முடிந்தது. மூன்றரை வருஷம்! டெல்லியில் லோதி ரோடு பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த இதழ் சென்னையிலிருந்து ரயிலில் வர வேண்டும். வந்ததும் வீடு வீடாகக் கை மாறும். கடைசியில் அத்தியாயங்களைப் பிரித்தெடுத்து, மணியத்தின் ஓவியங்களோடு பைண்டு செய்து வைத்துக்கொள்வார்கள். அப்படி வாரம் வாரமாகப் படித்த பெரியவர் ஒருவர் லோதி காலனியில் எங்களுக்குப் பக்கத்து வீடு. “கிழவனுக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னு மூணு வருஷம் திட்டினோம்டா. முடியறப்போ அவருக்காக அழ வெச்சுட்டார் கல்கி” என்பார்.

அவர் சொன்னது பெரிய பழுவேட்டரையரை. ஒரு பாத்திரத்தின் மேல் வாசகர் வைத்திருக்கும் எண்ணத்தை, அந்தப் பாத்திரத்தின் குணத்தைத் தொடாமலே புரட்டிப்போடுவதில் கல்கிக்கு இருந்த கைத்திறன் இவரிடம்தான் முழுசாகத் தெரிகிறது. மேனியில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் உள்ள வீரர் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறார். அதே மூச்சில், முதுமையில் நந்தினியை மணந்து அவள் பேச்சுக்கு ஆடும் கணவராகவும், கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்குத் தலைவராகவும் காட்டுகிறார். நாம் இரண்டாவதைப் பிடித்துக்கொள்கிறோம், விழுப்புண்களை மறந்துபோகிறோம். தம்பி காலாந்தககண்டர் எச்சரிக்கும்போதெல்லாம் தம்பி பக்கமே நிற்கிறோம். ஐந்தாம் பாகத்தில் கொள்ளிடத்து வெள்ளம் அவரைத் தனியாளாக்குகிறது. பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொல்லப் பாண்டிய ஆபத்துதவிகள் போட்ட திட்டம் காதில் விழுகிறது. அதன் பிறகு அவர் புது மனிதராகிவிடவில்லை. எந்தப் பிடிவாதம் அவரை நந்தினியின் பின்னால் இழுத்ததோ, அதே பிடிவாதம்தான் கரிகாலன் சாவின் பழியைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு உயிரை விடவும் வைக்கிறது. முதல் பாகத்தில் நாம் தாண்டிவந்த விழுப்புண்கள் அப்போது கண்முன் நிற்கின்றன.

சோழ அரசி செம்பியன் மாதேவி விஷயம் இன்னும் நுட்பம். பெற்ற மகனுக்கே அரியணை கூடாது என்று தடுக்கும் தாயை, சிவபக்தி முற்றிய அம்மையார் என்று எண்ணி நாம் நகர்ந்துவிடுகிறோம். அரண்மனையில் வளர்ந்தவன் தன் பிள்ளையல்ல, பூக்கட்டும் சேந்தன் அமுதன்தான் தன் பிள்ளை என்ற உண்மை கடைசியில் வரும்போது, அவர் முன்பு பேசிய ஒவ்வொரு வாக்கியத்தையும் திரும்பப் போய்ப் படிக்கத் தோன்றுகிறது. எங்கேயும் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். ஒரே மூச்சில் ஐந்து பாகத்தையும் முடிப்பவர்களுக்கு இந்த அதிர்ச்சி பாதிதான் கிடைக்கும் என்பது என் கட்சி. ஒருவரை வருஷக்கணக்கில் தப்பாக எடைபோட்டிருந்தால்தான் அந்தத் திருப்பம் உறைக்கும். மணிரத்னத்தின் படங்கள் 2022, 2023இல் வந்தபோதும் எனக்கு இதே குறைதான்: பழுவேட்டரையரை வெறுக்கவே அவகாசம் போதவில்லை.

முடிவு பல வாசகர்களுக்குத் திருப்தி தரவில்லை. யார் என்ன ஆனார்கள் என்று கேட்டுக் கடிதங்கள் வந்தன. கல்கி ஒரு முடிவுரையே எழுதிப் பதில் சொன்னார். சிறுபிள்ளைத்தனமாக வளைய வந்த மணிமேகலை கடைசி அத்தியாயத்தில் கதாநாயகன் வந்தியத்தேவன் மடியில் உயிர்விடுவதை அவர்களால் தாங்க முடிந்திருக்காது. எனக்கும் அந்த இடம் கடினம்தான். ஆனால் அவளை வெறும் கடம்பூர்ப் பெண்ணாக நினைத்து மறந்துபோகாதபடி செய்தது அந்தச் சாவுதான்.

நந்தினியிடம் மட்டும் கல்கி கணக்கைத் தீர்க்கவில்லை. காட்டுமன்னார்கோவில் உடையார்குடிக் கல்வெட்டு கரிகாலன் கொலையில் சம்பந்தப்பட்டவர்களாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கையில் அந்தச் சான்று இருந்தும், கடம்பூர் இருட்டில் கத்தி யார் கையில் இருந்தது என்று கல்கி உறுதியாகச் சொல்லவில்லை. அதனால் அவள்மேல் ஒரு வாரம் பயம், மறுவாரம் இரக்கம் என்று அலைந்த வாசகர்கள், தொடர் முடிந்த பிறகும் அவளுக்காக வாதாடுவதை நிறுத்தவில்லை.