பாட்டியும் வடையும்

கதையின் அங்கங்களை மாணவர்க்குப் போதிக்கப் புகும் ஆசிரியர், பாத்திரம், களம், முரண், உச்சம் என்று கரும்பலகையில் வரைந்து விளக்குவதைக் காட்டிலும், அவர்கள் மழலைப் பருவத்திலேயே கேட்டு மனத்தில் பதித்துக்கொண்ட வடை சுட்ட பாட்டியின் கதையை அவர்கள் வாயாலேயே சொல்லச் செய்வதுதான் உத்தமமான மார்க்கம் என்பது என் துணிபு. முதலாம் நூற்றாண்டில் ரோமானியக் கவி பீட்ரஸ் லத்தீனில் பாடிய ஈசாப் கதையில், ஜன்னலிலிருந்து பாலாடைக்கட்டியைக் கவர்ந்த காக்கையும் அதை வஞ்சித்த நரியுமே உண்டு. பறிகொடுத்தவர் முகம் தெரிவதில்லை. நம்மவர் அங்கே அடுப்பும் எண்ணெய்ச் சட்டியுமாக ஒரு கிழவியை அமர்த்தியதும் களம் துலங்கிற்று. காக்கையின் களவு ஓர் ஏழையின் நஷ்டமாயிற்று. நரி வருமுன்னரே முரணும் முளைத்துவிட்டது. என்ன அழகான கற்பனை! பாட்டியை நீக்கிக் கதை சொல்லுமாறு ஒரு மாணவியைக் கேளுங்கள்: எது குறைந்தது என்பதை அவளே விவரித்துவிடுவாள்.