பஞ்சமும் பற்றாக்குறையும்

ஷோட்டேஜ், ஸ்கெயர்சிற்றி, டேர்த், ஃபமின் என்னும் ஆங்கிலச் சொற்கள் நான்கிற்கும் ‘பஞ்சம்’ என ஒரே பொருளை எழுதி மனனஞ் செய்யும் வழக்கம் நம் மாணாக்கரிடையே உண்டு. சோதனைக்கு அது போதியதாகலாம், மொழிபெயர்ப்புக்குப் போதாது.

ஷோட்டேஜ் கணக்கர் சொல். நூறு மூடை வேண்டிய இடத்தில் எண்பதே வந்தால், குறைந்த இருபதே ஷோட்டேஜ், தமிழிற் பற்றாக்குறை. ஸ்கெயர்சிற்றி என்பது எளிதிற் கிடையாமை. இரத்தினபுரி நீலக்கல் என்றும் அரிதே. அது கிடையாமையாற் பட்டினி கிடந்தார் எவருமிலர். டேர்த் என்னுஞ் சொல் விலைமிகுதியைக் குறிக்கும் அடியிற் பிறந்தது. அரிதாதலையும் மதிப்புடைமையையும் ஒருங்கே உணர்த்தும் நம் ‘அருமை’ அதற்கு மிக அணித்து. எனினும் மாணாக்கர் அதனை நினைப்பதேயில்லை. ஃபமின் இலத்தீனிற் பசியைக் குறிக்குஞ் சொல்லின் வழிவந்தது. முன்னைய மூன்றும் பண்டத்தை நோக்குவன. இஃதொன்றே மனிதரை நோக்குவது.

இவ்வேறுபாடு புலவர்க்கு மட்டும் உரியதன்று. சென்னை மாகாணத்தை வாட்டிய 1876–78 ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் பின் இந்தியாவில் வகுக்கப்பட்ட பஞ்ச விதிகள், ஸ்கெயர்சிற்றியையும் ஃபமினையும் வெவ்வேறு படிகளாகவே கொண்டன. ஃபமின் எனச் சாற்றினால் நிவாரணம் அரசின் கடனாகும். 1943 இல் வங்காளத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டபோதும் அச்சொல் முறைப்படி சாற்றப்படவில்லை.

நம் தோட்டங்களின் செய்தி இதனினும் நுண்ணியது. எஹலியகொட மழைவளம் மிக்க ஊர். றப்பரும் தேயிலையும் தழைப்பது. பஞ்சம் என்றதும் வானம் பொய்த்தலையே நினைத்துப் பழகியோர், இத்தகைய நிலத்திற் பஞ்சமா என வியப்பர். 1973–74 இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறிற்று. கூப்பன் அரிசி குறைக்கப்பட்டது. வயலற்ற தொழிலாளர்க்குக் கூலியன்றி வேறு பற்றுக்கோடில்லை. 1974 இல் தோட்டங்களின் இறப்பு வீதம் பெரிதும் உயர்ந்தது. இதனை உணவு ஷோட்டேஜ் என்பது கடையளவில் மெய். லயங்களின் அளவில் அது குறைகூறலேயாம். தோட்ட மக்கள் பஞ்சம் என்றே கூறுவர். பண்டம் இருக்கவும் அதனைப் பெறும் வலியிழந்து மக்கள் மடிதல் கூடுமென அமர்த்தியா சென் 1981 இல் நூலெழுதி நிறுவினார். அந்நோக்கிலும் மக்கள் வழக்கே பொருந்துவதாம்.

மறுதலையான பிழையும் உண்டு. 2022 இல் எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அதனை ஃபமின் என ஆங்கிலத்தில் எழுதும் மாணாக்கன், தமிழிற் ‘பெற்றோற் பஞ்சம்’ என்னும் பேச்சு வழக்கை அப்படியே பெயர்த்தவனாவான். அங்கே வேண்டுவது ஷோட்டேஜே.