சதுரகராதியும் அறிவொளிக் காலமும்

ஐரோப்பாவில் பதினெட்டாம் நூற்றாண்டினை 'அறிவொளிக் காலம்' என்பர். முன்னோர் மொழிந்தது என்னும் ஒன்றே பற்றி எதனையும் ஏலாது, பகுத்தறிவால் ஆய்ந்து கோடல் வேண்டும் என்பதே அக்காலச் சிந்தனையின் உயிர்நிலை. அந்நூற்றாண்டில், இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியைத் தம் பணிக்களங்களுள் ஒன்றாகக் கொண்ட வீரமாமுனிவர் (1680–1747), 1732-இல் சதுரகராதியை இயற்றினார். அதனை ஐரோப்பிய அறிவொளியின் தமிழ்க் கிளை எனலாமோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருளாம்.

எனலாம் என்பார்க்குத் தடைகள் மூன்று உள. முனிவர் இயேசு சபைத் துறவி. திருச்சபையின் ஆணையை மீறி ஆராய முற்பட்டவரல்லர். திதரோவின் கலைக்களஞ்சியம் வெளிவரத் தொடங்கியது 1751-இல். முனிவர் மறைந்து நான்காண்டுகளுக்குப் பின்னரேயாம். பியேர் பேல் இயற்றிய அகராதி 1697-இலேயே தோன்றியதெனினும், அது சமயக் கூற்றுக்களை ஐயுற்று ஆய்வது; சதுரகராதியோ சொற்பொருள் உரைப்பது. மேலும், அகரவரிசை தமிழுக்குப் புதிதன்று. சிதம்பர ரேவண சித்தரின் அகராதி நிகண்டு 1594-இலேயே முதலெழுத்து முறையைக் கைக்கொண்டது.

எனினும், இத்துணையானே இரண்டற்கும் உறவில்லை எனத் துணிதல் பொருந்தாது. திவாகரம் முதலிய நிகண்டுகள் செய்யுளால் அமைந்து, மனப்பாடத்திற்கு உரியனவாயின. திவாகரம் தெய்வப் பெயரை முன்வைத்து, மக்கட் பெயரை அடுத்து வைக்கும். உலகின் உயர்வு தாழ்வே அதன் வைப்புமுறை. பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகிய சதுரகராதியுள், பொருளகராதி ஒரு பொருட்குரிய பல பெயர்களைத் தருகின்றது. பணி திவாகரத்தின் பணியே. வரிசையோ எழுத்தின் வரிசை. அவ்வரிசையில் தெய்வத்திற்கும் புல்லிற்கும் முன்னுரிமை இல்லை. எழுத்தறிந்தார் எவரும் வேண்டும் சொல்லைத் தாமே நாடிக் காண்டல் கூடும். நிகண்டு முழுவதும் நெட்டுருச் செய்தல் வேண்டா.

அறிவொளியாளர் கலைக்களஞ்சியத்தை அகரவரிசையில் வகுத்ததன் பயனும் இதுவே. ஆகவே, முனிவரை அறிவொளியாளர் எனல் மிகையாம். அவர் நூலை வெறும் சொற்பட்டியல் எனல் குறையாம். அதிகாரத்தை எதிர்த்தெழுந்த கொள்கை அவரிடம் இல்லை. அறிவைப் பொதுவாக்கும் கருவி அவர் நூலில் உண்டு. கருவியைக் கண்டு கொள்கையும் உண்டென மயங்காமையே ஒப்பியலாய்வார்க்கு முதற்கண் வேண்டுவது என்பது எம் துணிபு.