‘ஜியோவானியின் அறை’ நாவலில் இருபாலீர்ப்பும் தன்னேற்பும்

முன்னுரை

அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் ‘ஜியோவானியின் அறை’ என்னும் நாவல் 1956ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் கதைசொல்லி டேவிட், பாரிசில் வாழும் அமெரிக்கன். அவன் மணந்துகொள்ள விரும்பிய ஹெல்லா ஸ்பெயினுக்குச் சென்றிருக்கும் வேளையில், ஜியோவானி என்னும் இத்தாலிய இளைஞன்மீது காதல் கொள்கிறான். ஹெல்லாவை வெறும் திரையாகவும் ஜியோவானியையே டேவிட்டின் மெய்யான விருப்பமாகவும் கொள்ளும் வாசிப்பு ஒன்று உண்டு. ஆண், பெண் இருவரிடத்தும் ஈர்ப்புக் கொள்ளும் இருபாலீர்ப்பு நிலைக்கு அவ்வாசிப்பில் இடமில்லை. அந்நிலையைக் கருத்திற்கொண்டு அணுகும்போது நாவலின் துயரத்திற்கான காரணம் வேறாகத் தெரிவதை இக்கட்டுரை ஆராய்கிறது.

டேவிட்டின் தருக்கம்

பதின்வயதில் ஜோயி என்னும் நண்பனுடன் கழித்த ஓரிரவு டேவிட்டுக்கு முதலில் மகிழ்வையும் விடிந்தபின் அச்சத்தையும் தருகிறது. அவன் நண்பனைத் துறக்கிறான். வளர்ந்த வயதில் அரும்பும் புதிய காதலையும் அதே அச்சத்துடன் எதிர்கொள்கிறான். தன் ஆண்மையைத் தனக்கே மெய்ப்பித்துக்கொள்ள, விருப்பமின்றியே சூ என்னும் பெண்ணுடன் கூடுகிறான். ஒரு காதல் மெய்யாயின் மற்றொன்று பொய்யாதல் வேண்டும் என்பது அவனது தருக்கம். ஹெல்லாவைத் திரையாகக் காணும் வாசிப்பும் இத்தருக்கத்தையே தலைகீழாக்கி ஏற்கிறது.

ஜியோவானியின் நிலை

ஜியோவானி இத்தாலியச் சிற்றூரில் ஒரு பெண்ணுடன் வாழ்ந்தவன். குழந்தை இறந்து பிறந்த துயரில் ஊரை நீங்கியவன். அவ்வாழ்வைப் பொய்யென்று அவன் தள்ளுவதில்லை. டேவிட் மீதான காதலுக்குத் தடையாகவும் கருதுவதில்லை. பெண்களை அவன் இழித்துப் பேசுவதால் அவனை இலட்சியப் பாத்திரமாகக் கொள்ள இயலாது. எனினும், பிரிவின்போது அவன் சுமத்தும் குற்றம் கூர்மையானது: தன் தூய்மையைக் காக்கும்பொருட்டு டேவிட் எவரையும் நேசிக்க மறுக்கிறான் என்பதே அது.

எதிர்ச்சான்று

இறுதிப் பகுதியில் ஹெல்லாவின் உடல்மீது டேவிட்டுக்கு வெறுப்பு எழுவது, அவனை இருபாலீர்ப்பு உடையவனாகக் கொள்வதற்கு எதிரான வலுவான சான்றாகும். ஆயின் அவ்வெறுப்பு, ஜியோவானி கொலைக்குற்றத்தில் அகப்பட்ட பின்னரே தலைதூக்குகிறது. அது குற்றவுணர்வின் விளைவா, ஈர்ப்பின்மையின் வெளிப்பாடா என நாவல் தீர்ப்புரைக்கவில்லை. 1984ஆம் ஆண்டு நேர்காணல் ஒன்றில் பால்ட்வினும் இந்நாவலின் மையமாக, நேசிக்க அஞ்சுவோருக்கு நேர்வதையே சுட்டினார். எனவே டேவிட்டுக்கு ஒரு பெயர் சூட்டுவதினும், அவன் எந்தப் பெயரையும் ஏற்க இயலாதிருந்ததன் விளைவை ஆராய்தல் பயனுடையது.

முடிவுரை

அவ்விளைவை டேவிட் மட்டும் சுமக்கவில்லை. கைவிடப்பட்ட ஜியோவானி கில்லட்டினுக்கு அனுப்பப்படுகிறான். ஹெல்லா, உண்மையைத் தானே கண்டறிந்து தனியே நாடு திரும்புகிறாள். தன்னைத் தான் ஏற்காமை பிறருக்கு இழைக்கும் தீங்காகவும் முடிகிறது. ஜியோவானியின் தண்டனை நாளை அறிவிக்கும் கடிதத்தை டேவிட் இறுதியில் கிழித்தெறிகிறான். காற்று சில துண்டுகளை அவன்மீதே கொண்டுவந்து சேர்க்கிறது.