குவைத் கோபுரங்கள்: பந்து தெரிகிறது, தண்ணீர் தெரியவில்லை

குவைத்தில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் அனுப்பும் போட்டோக்களில் அந்த நீலப் பந்துக் கோபுரங்கள் கட்டாயம் இருக்கும். 1979-ல் திறக்கப்பட்டவை. பந்துகளின் மேல் பதித்த சுமார் 41,000 எனாமல் தட்டுகளைப் பற்றி நிறைய எழுதியாச்சு. உள்ளே இருக்கும் குடிதண்ணீரைப் பற்றித்தான் பேச்சே இல்லை.

தண்ணீர்த் தொட்டியின் சிக்கல் எளிமையானது. தண்ணீர் சுவரை வெளிப்பக்கம் தள்ளும். 20 மீட்டர் ஆரமுள்ள வட்டத் தொட்டியில் 10 மீட்டர் தண்ணீர் நின்றால், எளிய கணக்குப்படி அடிப்பகுதியில் ஒவ்வொரு மீட்டர் உயரச் சுவரும் சுமார் 200 டன் இழுவிசையைத் தாங்கணும். கான்கிரீட்டோ அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். விரிசல் வழியே தண்ணீர் கசியும், உள்ளே கம்பி துருப்பிடிக்கும்.

வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீங்க. பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால், பட்டை சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். ப்ரீஸ்ட்ரெஸ்ட் கான்கிரீட்டும் அதே யோசனைதான்: எஃகுக் கம்பிகளை முன்கூட்டியே இழுத்துக் கட்டி, சுவரை அமுக்கத்திலேயே வைத்திருப்பது. கான்கிரீட் நாளாக நாளாகச் சுருங்குவதால், சாதாரணக் கம்பியின் இறுக்கம் பெரும்பாலும் போயிடும். அதனால் உயர்வலிமை எஃகு வேணும் என்று காட்டியவர் பிரான்ஸின் ஃபிரெய்ஸினே. அவருடைய காப்புரிமை 1928-ல்.

குவைத் கோபுரங்களிலும் இந்த வகைக் கான்கிரீட் உண்டு. ஆனால் மூன்றில் இரண்டில்தான் தண்ணீர், தலா 45 லட்சம் லிட்டர். பெரிய கோபுரத்தின் பெரிய பந்தில் கீழ்ப்பாதி தொட்டி, மேல்பாதி உணவகம். மூன்றாவது கோபுரம் மற்ற இரண்டுக்கும் விளக்கு அடிக்கத்தான்.

என் குறை அந்த அலங்காரத்தின் மேல் இல்லை, நம்ம பார்வையின் மேல்தான். அதே திட்டத்தில் ஐந்து இடங்களில் 31 காளான் வடிவக் கோபுரங்கள் நிற்கின்றன, தலா 30 லட்சம் லிட்டர். மொத்தக் கொள்ளளவான 10.2 கோடி லிட்டரில் நீலப் பந்துகளின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆறே இல்லாத நாட்டில், கடல்நீரைச் சுத்திகரித்து எடுத்து இந்தக் கோபுரங்களில் ஏற்றும் தண்ணீரில் பெரும்பகுதியைத் தாங்குவது போஸ்ட் கார்டில் ஏறாத அந்தக் காளான்கள்தான். 1980-ல் ஆகா கான் விருது தரப்பட்டதும் ‘நீர்க் கோபுரங்கள்’ என்ற பெயரில்தான். அந்தப் பெயரில் இருக்கிற நீரைத்தான் நாம விட்டுட்டோம்.