மெய்க்காவலரின் கண்

மெய்க்காவலரின் மேற்பயிற்சியில் அடிதடிக்குரிய இடம் வெளியார் நினைப்பதைவிடக் குறைவு. பெரும்பகுதி பார்க்கப் பழகுவதுதான். தேர்ந்த காவலர் கூட்டத்தில் முகங்களைவிடக் கைகளையே கவனிப்பார். வண்டி ஓடும்போது இருப்பதைவிட அது நிற்கும்போது கூடுதல் விழிப்போடு இருப்பார். இதற்கான சான்று நெல்லைச் சீமையிலேயே உண்டு. 1911 ஜூன் 17 அன்று திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் மனைவியுடன் கொடைக்கானலுக்குப் பயணமானார். மணியாச்சி சந்திப்பில் ரயில் நின்றிருந்தபோது, முதல் வகுப்புப் பெட்டிக்கு வந்த வாஞ்சிநாதன் மிக அருகிலிருந்து சுட்டார். மாவட்டத்தையே ஆண்டவருக்குப் பெட்டி வாசலை மறிக்க ஆள் இல்லை.

வெடிச்சத்தம் கேட்டால் குனிவது உடம்பின் இயல்பு. பயிற்சி அதைத் தலைகீழாக்குகிறது. இந்தத் தொழிலின் அருமையே அங்கேதான். 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டனில் அதிபர் ரீகன் சுடப்பட்டபோது, காவலர் டிம் மெக்கார்த்தி துப்பாக்கிக்கு நேராகத் திரும்பி, உடலை விரித்து நின்று, வயிற்றில் குண்டை வாங்கினார். மற்றொரு காவலர் ஜெர்ரி பார் அதிபரைக் காருக்குள் தள்ளினார். சுட்டவனைப் பிடிப்பது மற்றவர்கள் வேலை. வழியில் ரீகன் வாயில் ரத்தம் கண்ட பார், வெள்ளை மாளிகைக்கு விரைந்த காரை மருத்துவமனைக்குத் திருப்பச் செய்தார்.